காஞ்சியின் காதும் டில்லியின் குரலும்

பட்டு நெய்பவனுக்குக் கண் இருக்கிறது. அது பாவின் இழைமீது இருக்கிறது. கை இருக்கிறது, அது நாடாவோடு இருக்கிறது. கால் இருக்கிறது, அது தறிக்குழியில் மிதிமீது இருக்கிறது. உடம்பிலே ஓய்வாக மிஞ்சியிருப்பது காது ஒன்றுதான்! விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை, எவரிடமும் அடகு வைக்கப்படாத ஒரே சொத்து அது. அந்தக் காதுக்கு இந்நாட்டின் ஆட்சிகள் எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்க மறுத்தன என்பதையே இன்று பேசப் புகுகிறோம்.

அண்மையில் காஞ்சியில் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடொன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். மாடத்தில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி. அதன் தலையில் ஜரிகைக் கட்டுகள் இரண்டு, வயிற்றில் ஒட்டடை. "இது கடைசியாக எப்போது பேசியது, ஐயா?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். ஒரு காலத்தில் அந்தப் பெட்டி பேசினால் இந்தப் பக்கம் நான்கு வீடு, அந்தப் பக்கம் நான்கு வீடு கேட்குமாம். எட்டு வீட்டுத் தறியும் ஒரே செய்தியைக் கேட்டபடி ஓடுமாம். இப்போது பேரன் கைப்பேசி வாங்கித் தந்திருக்கிறான். அதிலே பாட்டு வருகிறது, படம் வருகிறது, பாதியில் பல்பொடி விளம்பரமும் வருகிறது. "எல்லாம் வருது தம்பி. ஆனா அதைத் தொட்டுத் தொட்டு மாத்தணுமே! கையை எடுத்தா தறி நின்னு போகுமே!" என்றார்.

மேடைகளில் நாம் மணிக்கணக்கில் முழங்குவதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கையை எடுக்காமல் கேட்கக்கூடியது வானொலி ஒன்றுதான். ஆகவே அது பாட்டாளியின் கருவி. அந்தக் கருவி பாட்டாளியிடம் எப்படி வந்தது, எப்படி அவன் கையைவிட்டு நழுவியது? வரலாறு நெடியது; வேண்டிய அளவுக்குச் சொல்கிறோம்.

சென்னையில் முதன்முதலாக வானொலி பேசியது 1924-இல். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் முயன்று 'சென்னை மாகாண ரேடியோ கிளப்' என்றொரு கழகத்தைத் தோற்றுவித்தார். அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்புத் தொடங்கிற்று. கருவியின் வலிமை 40 வாட். இன்று நம் வீட்டு விளக்கு ஒன்று எரிய அவ்வளவு மின்சாரம் போதும்! பின்னர் 200 வாட் கருவி வந்தது. ஆனால் கேட்டவர் யார்? பெட்டி வாங்க வசதி படைத்தவர், ஆண்டுக்கு ஒருமுறை லைசென்சுக்குப் பணம் கட்ட முடிந்தவர். அவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? மூன்றே ஆண்டில் பணமுடை வந்தது. 1927-இல் கிளப் வாய் மூடிற்று.

அதே 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெரும் முதல் போட்டு ஒரு கம்பெனி ஒலிபரப்பில் இறங்கிற்று. வைசிராய் இர்வின் பிரபுவே வந்து பம்பாய் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஆடம்பரத்துக்குக் குறைவில்லை, ஆதரவுக்குத்தான் குறைவு. 1930 மார்ச் முதல் நாள் அந்தக் கம்பெனி கடையைக் கட்டிற்று. சீமான்கள் நடத்திய கிளப்பும் படுத்தது, சீமான்கள் முதல் போட்ட கம்பெனியும் படுத்தது.

அப்போது எழுந்து நின்றது எது தெரியுமா, தோழர்களே? சென்னை மாநகராட்சி! தெருக்கூட்டுகிற, குப்பை அள்ளுகிற, குழாயில் தண்ணீர் விடுகிற மாநகராட்சி! கிளப் விட்டுச் சென்ற கருவியைக் கொண்டு, பம்பாய்க் கம்பெனி கவிழ்ந்த மறுமாதமே, 1930 ஏப்ரல் முதல் நாள், ரிப்பன் மாளிகையிலிருந்து மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. முட்டாள்கள் தினமாயிற்றே என்று அன்று நகைத்தவர் இருந்திருக்கலாம். அந்த ஒலிபரப்பு எட்டாண்டுகள் நடந்தது!

நடந்த முறையைத்தான் நாம் போற்றுகிறோம். வீட்டில் பெட்டி வைத்திருப்பவனுக்கு மட்டும் என்று அது இருக்கவில்லை. கடற்கரையிலே ஒலிபெருக்கி வைத்தார்கள். பூங்காக்களிலே வைத்தார்கள். மாநகராட்சிப் பள்ளிகளிலே வைத்தார்கள். மாலை வேளையில் இசை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும். துறைமுகத்தில் மூட்டை தூக்கி அலுத்தவன், ஆலைச் சங்கு ஊதியதும் வெளியே வந்தவன், ரிக்ஷாவை நிறுத்திவிட்டு மணலில் சாய்ந்தவன் அனைவருக்கும் காசு கேட்காமல் பாடிற்று அந்தக் குழாய். காசு மட்டுமா கேட்கவில்லை? சாதியும் கேட்கவில்லை!

இது சிறிய செய்தியா? அந்த நாளை எண்ணிப் பாருங்கள். கோயில்கள் நிறைந்த ஊர் நம் காஞ்சி. கோயிலுக்குள்ளே நாதசுரம் முழங்கும். அதை அருகிருந்து கேட்கும் உரிமை ஊரில் ஒரு பகுதி மக்களுக்கு இல்லை. சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்ததே 1947-இல்தான். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே கடற்கரைக் குழாய் எந்த மனிதனையும் எட்ட நில் என்று சொல்லாமல் பாடியிருக்கிறது. வரிப்பணத்தில் நடந்த ஒலிபரப்பு என்பதால், வரி கொடுத்தவன் காதுக்கெல்லாம் அது பொதுவாயிற்று. பொது வானொலி என்றால் என்ன என்பதற்கு நமக்குத் தெரிந்த முதல் விளக்கம் அதுதான். சீமையிலிருந்து இறக்குமதி செய்ததல்ல, நம் நகர்மன்றம் கண்டது.

காஞ்சி தந்த பெரும் பாடகர் நாயனாப் பிள்ளை 1934-இல் மறைந்தார். அகில இந்திய வானொலி சென்னைக்கு வர அதன்பிறகு நான்கு ஆண்டுகள் ஆயின. அவரைப்போல் எத்தனை குரல்கள் காற்றில் ஏறாமலே கரைந்து போயினவோ! இதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

1938 ஜூன் 16-ஆம் நாள் எழும்பூர் மார்ஷல் சாலையில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தைக் கவர்னர் எர்ஸ்கின் பிரபு திறந்து வைத்தார். மாநகராட்சியின் பணி அத்துடன் முடிந்தது. தொடக்க நாளிலே திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாதசுரம் ஒலித்தது. சாமி ஊர்வலத்தில் முன்னே நடந்துகொண்டே ஊதுகிறவர் என்று உலகம் எண்ணியிருந்த கலைஞர், ஒலிவாங்கியின் முன்னே உட்கார்ந்து நாடே கேட்க வாசித்தார். நல்ல தொடக்கம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த மாதம் என்ன மாதம்? ஆச்சாரியார் இந்த மாகாணத்தின் பிரதமராக இருந்து, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆண்டு அது. பிப்ரவரி 27-இல் இதே காஞ்சியில் இந்தி எதிர்ப்பு மாநாடு கூடிற்று. ஜூனில் சென்னையில் மறியல் மூண்டது. ஒருபக்கம் தமிழன் காதுக்கு நிலையம் திறக்கிறார்கள். மறுபக்கம் தமிழன் வாய்க்கு வேறு மொழியைத் திணிக்கிறார்கள்! சென்னை வானொலியும் மொழிப்போரும் ஒரே பருவத்துக் குழந்தைகள். அதனால்தானோ என்னவோ, இன்றுவரை ஒன்றைப் பற்றிப் பேசினால் மற்றொன்று வந்து நிற்கிறது.

1939 மே மாதத்தில் திருச்சி நிலையம் வந்தது. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, தமிழ்நாட்டு வானொலியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று தமிழர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது! கரும்புத் தோட்டத்துக்காரன் சர்க்கரைக்குக் கையேந்திய கதை.

பின்னர் வெள்ளையன் போனான், டில்லி வந்தது. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் பொறுப்பேற்ற கேஸ்கர் என்பவருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. பிடிக்காவிட்டால் அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். நாட்டையே கேட்காமல் இருக்கச் செய்யப் பார்த்தார்! வானொலியிலிருந்து திரைப்பாட்டு விரட்டப்பட்டது. விளைவு? தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் முள் இலங்கைக்குத் திரும்பியது. கொழும்பிலிருந்து மயில்வாகனம் பேசினார். காஞ்சித் தறிகள் கேட்டன. சென்னை நிலையம் நாற்பத்தைந்து மைலில் இருக்க, கடல்தாண்டி வந்த குரல் காதுக்கு இனித்தது. 1957 அக்டோபரில் 'விவித பாரதி' என்று வேறொரு பெயரில் திரைப்பாட்டை டில்லி திரும்ப அழைத்துக்கொண்டது. பாட்டாளியின் காது ஐந்தே ஆண்டில் அமைச்சரை வென்றது! வாக்குச் சீட்டு இல்லாமல் நடந்த தேர்தல் அது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1935-இல் மைசூரில் எம். வி. கோபாலசாமி என்ற பேராசிரியர் தம் வீட்டிலேயே சிறு நிலையம் அமைத்தார். அதற்கு 'ஆகாசவாணி' என்ற பெயர் வழங்கிற்று. அந்தப் பெயரை 1957 முதல் டில்லி தன் நிலையங்களுக்கெல்லாம் சூட்டிக்கொண்டது. தமிழன் 'வானொலி' என்று அழகாகச் சொல்கிறான். சொல்லிலேயே பொருள் விளங்குகிறது. அது போதவில்லை டில்லிக்கு. 2023 மே மாதத்தில், 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரையும் விட்டு, இனி எங்கும் 'ஆகாசவாணி' என்றே சொல்லுங்கள் என்று ஆணை பிறந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பிற்று, தி.மு.க. நாடாளுமன்றக் கட்சித் தலைவர் டி. ஆர். பாலு மத்திய அமைச்சருக்கு எழுதினார். நமக்கு இதிலே கோபத்தைவிட வியப்புத்தான் மிகுதி. மைசூர்ப் பேராசிரியர் சொந்த ஊரில், சொந்த மக்களுக்காக நிலையம் நடத்தியவர். அவர் பெயரிட்டதை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு நிலையம் என்ற அவர் செயலை விட்டுவிட்டார்கள்!

சென்னை நிலையத்தைப் பழிப்பதற்காக நாம் எழுதவில்லை. நல்லதைச் சொல்லக் கூசுபவரல்லர் நாம். நல்ல தமிழில் நாடகங்கள் அங்கிருந்து வந்தன. தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்ன காலத்தில், அதைக் கேட்டுவிட்டே வேலைக்குக் கிளம்பிய குடும்பங்கள் எத்தனை! 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல்லைப் பற்றி வானொலி சொல்லிச் சொல்லி, தஞ்சை உழவர் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். உழவனுக்கு அவன் மொழியில், அவன் நிலத்தைப் பற்றி, அவன் நேரத்தில் பேசினால் வயலே மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியானால் நெசவாளிக்கு?

பெங்களூர்ப் பக்கத்திலிருந்து பட்டு வருகிறது. சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. இரண்டின் விலையும் ஏறுவது முதலில் வியாபாரிக்குத் தெரிகிறது, பிறகு தறி முதலாளிக்குத் தெரிகிறது. கூலியைக் குறைக்கும்போதுதான் நெசவாளிக்குத் தெரிகிறது! சேலை போன்ற துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்தார்கள். விசைத்தறிச் சேலை காஞ்சிப்பட்டு என்ற பெயரில் விற்கப்பட்டால் எங்கே போய் முறையிடுவது என்பது எத்தனை தறி வீட்டுக்குத் தெரியும்? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குறியீட்டின் பொருளை நெய்தவனிடம் எவர் எடுத்துச் சொன்னார்? ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். பாவு நமுத்துப் போகும். வேலை நாட்கணக்கில் நிற்கும். மீனவனுக்குக் கடல் எச்சரிக்கை சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். குழித்தறிக்காரனுக்கு, இன்றிரவு கனமழை, பாவை மேலேற்றிக் கட்டு என்று சொல்ல ஒரு குரல் உண்டா?

"காஞ்சிக்குத்தான் சென்னை நிலையம் கேட்கிறதே!" என்பார்கள். கேட்கிறது, ஐயா. சென்னை பேசுவது காஞ்சிக்குக் கேட்கிறது. காஞ்சி பேசுவது யாருக்குக் கேட்கிறது?

இது பேராசை என்று எண்ணுவோர் உலகத்தைச் சற்றே பார்க்கட்டும். இங்கிலாந்தில் பி.பி.சி. தன் முதல் உள்ளூர் நிலையத்தை 1967 நவம்பர் 8-இல் திறந்தது. எந்த ஊரில்? லண்டனில் அல்ல. லெஸ்டர் என்ற ஊரில். காலுறையும் பின்னலாடையும் செய்யும் தொழிலாளர் ஊர் அது! நூலோடு வாழ்கிறவர்களுக்குத்தான் முதல் மரியாதை கிடைத்தது. நம் நாட்டிலும் அந்த எண்ணம் வராமல் இல்லை. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் திறக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில், நாகர்கோவிலில். ஆக, வழி தெரியாதவர்கள் அல்லர் டில்லியில் இருப்பவர்கள். குமரி முனையில் நட்ட கன்றைக் காஞ்சிவரை கொண்டுவர மனம் இல்லை, அவ்வளவே. தலைநகருக்கு அருகில் இருப்பது காஞ்சி செய்த குற்றமாகிவிட்டது!

1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது: அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று. 1997-இல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு வந்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் கல்வி வளாக வானொலியைத் தொடங்கிற்று. 2006-இல், பதிவுபெற்று மூன்றாண்டு மக்கட்பணி ஆற்றிய அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று கதவு திறக்கப்பட்டது. 100 வாட் வரையில் கருவி வைக்கலாம். கிருஷ்ணசாமி செட்டியின் 40 வாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல்! நன்று, மிக நன்று என்று கைதட்டப் போனோம். கதவுக்குப் பின்னே ஒரு பூட்டு தொங்கியது.

செய்தி சொல்லக்கூடாது! தனியார் பண்பலையும் சொல்லக்கூடாது, சமுதாய வானொலியும் சொல்லக்கூடாது. அகில இந்திய வானொலி வாசித்த செய்தியை எழுத்து மாறாமல் எடுத்து வைக்கலாம். தானாக ஒரு வரி தொகுக்கக்கூடாது. மழை வரும் என்று சொல்லலாம். மின்சாரம் இராது என்று சொல்லலாம். நாளை குழாயில் தண்ணீர் வராது என்றுகூடச் சொல்லலாம். ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டால் அது செய்தி! குற்றம்! தெருமுனைத் தட்டியில் எழுதலாம், ஏட்டில் அச்சிடலாம், மேடையில் முழங்கலாம். காற்றில் மட்டும் கூடாதாம். ஏடு படிக்கக் கண் வேண்டும், மேடைக்கு வரக் கால் வேண்டும். இரண்டும் தறியிடம் இருக்கும்போது, காதுவழிச் செய்தியைத் தடுப்பது யாரைத் தடுப்பது? படித்தவனையா, பணக்காரனையா? அவர்களுக்கு நூறு வாசல். தடுக்கப்படுபவன் குழிக்குள் கால் வைத்திருப்பவன்.

போதாக்குறைக்கு, பெட்டியில் ஊரெல்லாம் கேட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளையும் நாடெங்கும் ஒவ்வொன்றாக நிறுத்தி வருகிறார்கள். கைப்பேசியில் கேளுங்கள் என்கிறார்கள். பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் அதற்குச் சொன்ன விடையை முன்பே எழுதிவிட்டோம்.

மத்திய ஆட்சி சமுதாய வானொலி மீதுள்ள செய்தித் தடையை நீக்க வேண்டும். நாகர்கோவிலுக்குத் தந்ததைக் காஞ்சிக்கும் தர வேண்டும். இதைக் கேட்டுப் பெறும்வரை நம் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. காஞ்சி 2021 முதல் மாநகராட்சி ஆகிவிட்டது. 1930-இல் ஒரு மாநகராட்சி என்ன செய்தது என்று நம் உறுப்பினர்கள் அறிய வேண்டும். பூங்காவுக்கு ஒரு ஒலிபெருக்கி, நெசவாளர் தெருவுக்கு ஒரு ஒலிபெருக்கி வைக்க எந்த டில்லியின் உத்தரவு வேண்டும்? கூட்டுறவுச் சங்கங்கள் நிறைந்த ஊர் இது. கல்லூரிகள் உள்ள ஊர் இது. தகுதியுள்ள அமைப்பு ஒன்று முன்வந்து சமுதாய வானொலிக்கு விண்ணப்பம் போடட்டும். பட்டு விலை, ஜரிகை விலை, கூலி விகிதம், மழைக் குறிப்பு, சங்கக் கூட்ட நாள், நடுவே இரண்டு பாட்டு. இதற்கு நூறு வாட் தாராளம். வட்டக் கழகத் தோழர்கள் இந்தத் திங்களிலேயே தெருத்தெருவாகத் தறி வீடுகளில் உட்கார்ந்து, என்ன கேட்க விரும்புகிறார்கள், எந்த நேரத்தில் கேட்க விரும்புகிறார்கள் என்று குறித்து வரட்டும். மேடைபோட வேண்டாம், திண்ணை போதும்.

நாம் எழுந்து புறப்பட்டபோது பெரியவர் நாடாவை நிறுத்தாமலே ஒன்று கேட்டார்: அப்படி ஒரு வானொலி வருமானால், ஐப்பசிக்கு முன்னாலே வந்துவிடுமா என்று.